அறுபதாயிரம் யூனிட் சூரியன்

ஆபீஸ் கேன்டீன்களில் இப்போது ஒரு புதுக் கேள்வி உலவுகிறது. 'உனக்கு டி எவ்வளவு?'

ஒரு காலத்தில் இதற்கு 'சர்க்கரை கம்மி, ஸ்ட்ராங்கா ஒண்ணு' என்று பதில் சொன்னால் போதும். இப்போது 'பதினொண்ணு' என்று சொல்ல வேண்டும். உடனே பக்கத்து நாற்காலிக்காரர், 'ப்பூ... எனக்கு ஏழரை!' என்பார். ஏழரை என்றால் நமக்கெல்லாம் சனீஸ்வரன் ஞாபகம். அவருக்கு வைட்டமின்.

எல்லாம் இந்த மாஸ்டர் செக்கப் செய்கிற வேலை. கம்பெனி செலவிலோ, பாதி விலைத் தள்ளுபடி என்று விளம்பரம் பார்த்தோ போய் ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறார்கள். மறுநாள் செல்போனில் பத்துப் பன்னிரண்டு பக்கத்துக்கு ரிப்போர்ட் வந்து விழுகிறது. யூரியா, கிரியாட்டினின் என்று வாயில் நுழையாத சமாசாரங்கள் எல்லாம் சமர்த்தாக நார்மலில் இருக்கும். வைட்டமின் டி மட்டும் கொட்டை எழுத்தில் முறைக்கும்.

அது முறைத்தால் முறைத்துவிட்டுப் போகட்டும். கூடவே ஒரு வதந்தியும் சேர்ந்துகொள்கிறது. 'டி குறைஞ்சா ஹார்ட் அட்டாக் வருமாமே சார்?' செக்‌ஷனில் யாராவது நாற்பத்தியொரு வயதில் போய்ச் சேர்ந்த செய்தி வந்த வாரத்தில் இந்தக் கேள்வி ரொம்பத் தீவிரமாகக் கேட்கப்படும். சாயந்திரமே மெடிக்கல் ஷாப்பில் அறுபதாயிரம் யூனிட் மாத்திரை ஒரு அட்டை வாங்கிவிடுவார்கள்.

அடியேன் பி.காம். டாக்டர் இல்லை. ஆனால் இது கடைசியில் ஒரு கணக்கு விவகாரம் என்பதால் துணிந்து உள்ளே நுழைகிறேன்.

முதலில் அந்த அறுபதாயிரம். கேட்டதும் மாசச் சம்பளம் மாதிரி ஒரு பிரமிப்பு வருகிறது இல்லையா? நாற்பது யூனிட் சேர்ந்தால் ஒரு மைக்ரோகிராம். அப்படியானால் அறுபதாயிரம் யூனிட் என்பது ஒன்றரை மில்லிகிராம். சமையலறை உப்பில் ஒரு சிட்டிகை எடுத்தால் இதைவிடப் பல மடங்கு இருக்கும். இத்தனூண்டு சரக்கை இத்தனை பெரிய எண்ணில் சொன்னால்தான் நமக்கு மரியாதை வருகிறது.

வைட்டமின் என்று பெயர் வைத்துவிட்டார்களே தவிர, அது நடந்துகொள்வது ஹார்மோன் மாதிரி. நம் தோலில் கொலஸ்ட்ராலுக்குப் பங்காளி முறையாகும் ஒரு பொருள் இருக்கிறது. வெயிலில் உள்ள 'புற ஊதா பி' கதிர் அதன் மேல் பட்டால் வைட்டமின் டி தயார். தயாரானாலும் உடனே வேலைக்கு ஆகாது. சர்க்கார் ஆபீஸ் ஃபைல் மாதிரி அது முதலில் கல்லீரல் மேஜைக்குப் போய் ஒரு கையெழுத்து, அப்புறம் சிறுநீரக மேஜையில் இன்னொரு கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் வெளியே வரும். லேபில் அளப்பது முதல் கையெழுத்து ஆன ஃபைல்களின் எண்ணிக்கையை. இரண்டு கையெழுத்தும் ஆனபின் அதன் பிரதான உத்தியோகம், சாப்பாட்டில் இருக்கும் கால்சியத்தைக் குடலிலிருந்து உறிஞ்சி எலும்புக்குக் கிடைக்கச் செய்வது. குழந்தைகளுக்கு இது ரொம்பக் குறைந்தால் கால் வளையும். பெரியவர்களுக்கு எலும்பு மெத்தென்றாகி வலிக்கும். இதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

எலும்பு டிபார்ட்மென்ட்டில் இருந்த ஆசாமியை இதய டிபார்ட்மென்ட்டுக்கு யார் மாற்றல் செய்தது?

அதற்கு ஒரு நல்ல கதை இருக்கிறது. 1981-ல் ராபர்ட் ஸ்க்ராக் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு கட்டுரை எழுதினார். குளிர்காலத்தில் இதய நோய்ச் சாவுகள் கூடுகின்றன, கோடையில் குறைகின்றன. இது ஏன்? வெயிலாக இருக்கலாமோ? வெயில் தோலில் உண்டாக்கும் வைட்டமின் டி இதயத்துக்குக் காவலாக இருக்குமோ? இதுதான் அவர் எழுப்பிய கேள்வி. நியாயமான கேள்வி. அப்புறம் இதயத் தசையிலேயே வைட்டமின் டி வந்து உட்காருவதற்கான இடங்கள் இருப்பது தெரிந்தது. அந்த இடங்கள் இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்கு பிரஷர் ஏறியது.

2008-ல் அமெரிக்காவின் ஃப்ராமிங்காம் என்ற ஊரிலிருந்து ஒரு கணக்கு வந்தது. 1948-லிருந்து தலைமுறை தலைமுறையாக இதய நோயைக் கவனித்து எழுதிவைக்கிற ஊர் அது. 1,739 பேரை ஐந்து வருஷத்துக்கு மேல் பார்த்ததில், வைட்டமின் டி 15-க்குக் கீழே இருந்தவர்களுக்கு இதயச் சங்கடங்கள் ஏறக்குறைய 60 சதவீதம் அதிகம். அவ்வளவுதான், பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. மாத்திரைக் கம்பெனிகளும்தான்.

இங்கேதான் என் பி.காம். மூளை கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது.

மாதக் கடைசியில் யார் பர்ஸில் நூறு ரூபாய் நோட்டு குறைவாக இருக்கிறதோ அவர்களுக்குத்தான் கடன் அதிகம். சர்வே எடுத்தால் கச்சிதமாக நிரூபணமாகும். அதற்காக ஒருவர் பர்ஸில் நூறு ரூபாய் நோட்டு ஒன்றைச் செருகிவிட்டால் அவர் கடன் தீர்ந்துவிடுமா? பர்ஸ் காலியாக இருப்பது கடனுக்கு அடையாளம். காரணம் வேறெங்கோ சீட்டாட்டத்திலோ, கிரெடிட் கார்டிலோ இருக்கிறது.

வைட்டமின் டியும் அப்படி ஒரு பர்ஸ்தான். அது யாருக்குக் குறையும்? வெளியே வராதவர்களுக்கு. வெளியே வராதவர்கள் நடக்க மாட்டார்கள், விளையாட மாட்டார்கள். ஏற்கெனவே உடம்பு சரியில்லாதவர்கள் வீட்டுக்குள்ளேயே இருப்பார்கள். தொப்பை உள்ளவர்களுக்கும் குறையும். இந்த வைட்டமின் கொழுப்பில் கரையும் ஜாதி என்பதால் உடம்புக் கொழுப்புக்குள் போய்ப் பதுங்கிக்கொள்கிறது. உட்கார்ந்தே இருப்பது, தொப்பை, பழைய வியாதி... இவையெல்லாம் தாமாகவே இதயத்தைக் கெடுக்கக்கூடிய பேர்வழிகள். பழியை வைட்டமின் மேல் போட்டுவிட்டு இவர்கள் சௌகரியமாக நழுவிவிடுகிறார்கள்.

இதைத் தீர்க்க ஒரே வழி ஆடிட். அதாவது, ஆயிரக்கணக்கான பேரைச் சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி இரண்டாகப் பிரிக்க வேண்டும். பாதிப்பேருக்கு வைட்டமின், பாதிப்பேருக்கு அதே நிறம் அதே சைஸில் டம்மி மாத்திரை. யாருக்கு எது என்று கொடுக்கிறவருக்கும் தெரியக்கூடாது, சாப்பிடுகிறவருக்கும் தெரியக்கூடாது. சில வருஷம் கழித்துப் பெட்டியைத் திறந்து எண்ண வேண்டும்.

திறந்தார்கள். 2018 நவம்பரில் அமெரிக்காவில் பெரிய பெட்டி திறக்கப்பட்டது. 'வைட்டல்' என்று பெயர். பாஸ்டன் நகர ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து ஜோஆன் மேன்ஸன் என்ற டாக்டரம்மா தலைமையில் நடத்தியது. 25,871 பேர். ஆண்கள் ஐம்பது வயதுக்கு மேல், பெண்கள் ஐம்பத்தைந்துக்கு மேல். தினம் 2,000 யூனிட் வைட்டமின் டி, ஐந்து வருஷத்துக்கும் கூட.

வைட்டமின் சாப்பிட்டவர்களில் ஹார்ட் அட்டாக், பக்கவாதம், இதய நோய்ச் சாவு மூன்றில் ஏதாவது ஒன்றில் மாட்டிக்கொண்டவர்கள் 396 பேர். டம்மி சாப்பிட்டவர்களில் 409 பேர்.

'பதிமூணு பேர் வித்தியாசம் இருக்கே சார்?' என்று கேட்பீர்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய பதின்மூவாயிரம் பேர் இருக்கும் கணக்கில் பதிமூன்று என்பது தற்செயல். ஒரே நாணயத்தை நூறு தடவை சுண்டினால் கச்சிதமாக ஐம்பது தலை, ஐம்பது பூ விழுந்தால்தான் ஆச்சரியப்பட வேண்டும்.

இதற்கு ஒரு வருஷம் முன்பே நியூஸிலாந்தில் இன்னொரு பெட்டி திறந்தாகிவிட்டது. ஐயாயிரத்துச் சொச்சம் பேர். மாதத்துக்கு ஒரே முழுங்கில் ஒரு லட்சம் யூனிட். மூன்று வருஷத்துக்கு மேல். இதயக் கோளாறு வந்தவர்கள்: வைட்டமின் கோஷ்டியில் 11.8 சதவீதம், டம்மி கோஷ்டியில் 11.5 சதவீதம். சொல்லப்போனால் டம்மி ஒரு மயிரிழை முன்னால் நிற்கிறது!

எனக்கு இதில் பிடித்த விஷயம் அந்த எண் அல்ல. ஆராய்ச்சியை நடத்தியவர் பெயர். ராபர்ட் ஸ்க்ராக். ஆமாம், 1981-ல் 'வெயிலாக இருக்குமோ' என்று முதலில் கேட்டாரே, அதே மனிதர். முப்பத்தாறு வருஷம் ஒரு யோசனையை வளர்த்து, அதைத் தானே தராசில் போட்டு, 'நான் எதிர்பார்த்த மாதிரி இல்லை' என்று 2017-ல் அச்சில் போட்டார். நம்மூரில் ஒரு டிபார்ட்மென்ட் தன் திட்டத்தைத் தானே ஆடிட் பண்ணி 'பிரயோஜனமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? எனக்கு அந்தக் கிழவரைப் பார்த்து ஒரு கும்பிடு போடத் தோன்றுகிறது.

மூன்றாவது பெட்டி ஆஸ்திரேலியாவில். இதை மறைத்தால் நான் யோக்கியன் இல்லை. அறுபது வயது தாண்டிய 21,315 பேர், மாதம் அறுபதாயிரம் யூனிட் (நம்ம மாத்திரை!), ஐந்து வருஷம் வரை. 2023-ல் வந்த முடிவில், பெரிய இதயச் சங்கடங்கள் வைட்டமின் கோஷ்டியில் 6.0 சதவீதம், டம்மி கோஷ்டியில் 6.6. ஆயிரம் பேர் ஐந்து வருஷம் விழுங்கினால் ஏறக்குறைய ஆறு பேருக்கு லாபம். ஆனால் இதுவும் தற்செயலாக இருக்கக்கூடிய எல்லைக்குள்தான் இருக்கிறது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். பெரியவர்களுக்கு ஒரு துளி பலன் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இந்தத் துளியை நம்பி முப்பத்து நாலு வயதுக்காரர் மெடிக்கல் ஷாப்புக்கு ஓடுவதுதான் வேடிக்கை.

'அவங்கள்லாம் வெள்ளைக்காரங்க. டி ஏற்கெனவே நிறைய இருக்கிறவங்க. நமக்கெல்லாம் ஏழு, எட்டு. நமக்குப் பலிக்கலாமே?' என்று ஒரு கிராஸ் கேள்வி வரும். நல்ல கேள்வி. நியூஸிலாந்து ஆராய்ச்சியில் கால்வாசிப் பேர் 20-க்குக் கீழே இருந்தவர்கள். அவர்களைத் தனியாக எடுத்து எண்ணிப் பார்த்தார்கள். அங்கேயும் ம்ஹூம். ஏழரைக்காரர்களை மட்டும் ஆயிரக்கணக்கில் திரட்டி டம்மி கொடுத்துப் பார்ப்பது நியாயமும் இல்லை; எலும்புக்காக அவர்களுக்கு மருந்து கொடுத்துத்தானே ஆக வேண்டும்?

அதனால் டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்திருந்தால் ஒழுங்காகச் சாப்பிடுங்கள். நான் சொன்னேன் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வாரம் ஒன்று, எட்டு வாரம் என்றால் எட்டே வாரம். நம் ஆட்கள் எட்டு வாரத்தை எட்டு மாசமாக நீட்டுகிறார்கள். சிலர் வாரத்துக்கு ஒன்று என்பதை நாளுக்கு ஒன்று என்று புரிந்துகொள்கிறார்கள். இது சிறுநீரில் போய்விடுகிற பி காம்ப்ளெக்ஸ் இல்லை. கொழுப்பில் சேர்ந்து தங்கும். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். தாகம், வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகத்துக்குச் சேதம். கால்சியம் ரொம்ப ஏறினால் இதயத் துடிப்பே தாளம் தப்பும். இதயத்துக்கு என்று விழுங்கியது!

அந்தக் கொட்டை எழுத்துக்கும் ஒரு பூர்வகதை உண்டு. 2011-ல் அமெரிக்க ஹார்மோன் டாக்டர்கள் சங்கம், '30-க்கு மேல் இருந்தால்தான் போதுமானது' என்று ஒரு கோடு போட்டது. லேபுகள் அதைப் பிடித்துக்கொண்டன. 2024-ல் அதே சங்கம் 'அந்தக் கோட்டை இனி நாங்கள் ஆதரிக்கவில்லை. ஆரோக்கியமாக இருக்கிற பெரியவர்களுக்குச் சும்மா சும்மா இந்த டெஸ்ட் எடுக்க வேண்டாம்' என்று சொல்லிவிட்டது. எழுபத்தைந்து தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள், சர்க்கரை எட்டிப் பார்க்கிறவர்கள், இவர்களுக்கு மாத்திரை விஷயம் வேறு. சங்கம் கோட்டை அழித்துவிட்டது, பல ரிப்போர்ட்களில் கோடு இன்னும் அப்படியே இருக்கிறது.

இப்போது என் நண்பர் ஒருவரின் ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். பெயர் வேண்டாம், ஏன் என்பது பிறகு புரியும். முப்பத்து நாலு வயசு. ஆடிட் ஆபீஸ். வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"டி பதினொண்ணுடா. மாத்திரை ஆரம்பிச்சுட்டேன். ஹார்ட்டுக்கு நல்லதாம்" என்று ரிப்போர்ட்டை நீட்டினான். பெருமையாகவே நீட்டினான். நான் வாங்கி முதல் பக்கத்தைப் பார்த்தேன். மேல் மூலையில் பேனாவால் சின்னதாக 154/100 என்று எழுதியிருந்தது.

"இது என்னடா?"

"அதுவா... நர்ஸம்மா பி.பி. பார்த்தாங்க. ஒரு வாரம் கழிச்சு மறுபடி வந்து பாருங்கன்னாங்க."

"போனியா?"

"அன்னிக்கு பஸ்ல நின்னுக்கிட்டே வந்தேன், டென்ஷன். அதான் ஏறியிருக்கும்."

"சரி, அது நடந்து எவ்வளவு நாளாச்சு?"

"நாலு மாசம்."

ரத்தத்தை மெஷின் படிக்கிறது. மெஷினுக்குக் கொட்டை எழுத்து தெரியும். பிரஷரை மனுஷி படித்தாள்; அவளிடம் இருந்தது ஒரு பால்பாயின்ட் பேனா. பன்னிரண்டு பக்கத்தில் இதயத்துக்கு உண்மையிலேயே சம்பந்தப்பட்ட எண் கிறுக்கலாக மூலையில் கிடக்கிறது.

கொஞ்சம் தோண்டியதில் நிஜக் காரணம் வந்தது. "பி.பி. மாத்திரைன்னா ஆயுசு பூரா போடணும்டா. இப்போ ஆரம்பிச்சேன்னு தெரிஞ்சா பொண்ணு வீட்டுல என்ன நினைப்பாங்க? இந்த வயசுலயே வியாதியஸ்தன்னு பேராயிடும்."

கவனித்தீர்களா? வைட்டமின் மாத்திரை அட்டையை ஃபிரிட்ஜ் மேல், விருந்தாளி கண்ணில் படும்படி வைக்கலாம். அது டானிக். ஆரோக்கியத்தில் அக்கறையுள்ள பையன் என்று பேர் வரும். பிரஷர் மாத்திரையை பனியன்களுக்கு அடியில் ஒளிக்க வேண்டும். அது வியாதி. நம் ஆட்கள் வைட்டமின் வாங்குவது இதயத்தைக் காப்பாற்ற அல்ல, 'நானும் ஏதோ செய்துவிட்டேன்' என்று மனசைச் சமாதானப்படுத்தத்தான் என்று எனக்கு ஒரு சம்சயம். டம்மி மாத்திரை ஆராய்ச்சியில் மட்டும்தான் இருக்கிறது என்று யார் சொன்னது?

ஹார்ட் அட்டாக்கோடு சம்பந்தப்பட்ட விஷயங்களின் பட்டியல் 2004-லேயே வந்துவிட்டது. 52 நாடுகள், ஏறக்குறைய முப்பதாயிரம் பேர். 'இன்டர்ஹார்ட்' என்று பெயர். தலைமை வகித்தவர் கேரளத்தில் பிறந்து கனடாவில் குடியேறிய சலீம் யூசுஃப். சிகரெட், கெட்ட கொழுப்பு, பிரஷர், சர்க்கரை, தொப்பை, மன உளைச்சல், காய் பழம் தின்னாமை, உடம்பை அசைக்காமை, மதுப் பழக்கம். ஆண்களின் முதல் ஹார்ட் அட்டாக் ஆபத்தில் 90 சதவீதத்துக்கு இந்த ஒன்பதே பதில் சொல்லிவிடுகின்றன. அதே ஆராய்ச்சியிலிருந்து 2007-ல் வந்த இன்னொரு கணக்கு: மற்ற தேசத்தாருக்கு முதல் அட்டாக் வரும் சராசரி வயது 59 என்றால், இந்தியா, பாகிஸ்தான், இலங்கை உள்ளிட்ட நம் வட்டாரத்தில் 53. ஆறு வருஷம் அட்வான்ஸ்.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. ஜன்னல் ஓரம் ஸீட் கிடைத்தவர்கள் சந்தோஷப்பட வேண்டாம். கண்ணாடி அந்த 'பி' கதிரை நிறுத்திவிடும், சூடு மட்டும்தான் உள்ளே வரும். காலை ஆறரை மணி இளவெயிலிலும் அது சொற்பம். உச்சி வேளையில்தான் ஜாஸ்தி. இதனால்தான் 2018-ல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் டில்லியில், பள்ளிக்கூட பிரேயரைக் காலையிலிருந்து உச்சிக்கு மாற்றுங்கள் என்று ஒரு திட்டம் கொண்டு வந்தது. சித்திரை மாசம் மதுரையில் அதைச் செய்தால் ஹெட்மாஸ்டரைத்தான் முதலில் ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டியிருக்கும். லஞ்சுக்குப் பிறகு பத்து நிமிஷம் வெளியே நடந்துவிட்டு வரலாம். வைட்டமின் கிடைக்கிறதோ இல்லையோ, நடை கணக்கில் சேரும்.

நண்பரை ஒரு வழியாகக் கிளப்பினேன். தனியார் கிளினிக் என்றால் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று பயம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்க்கிறார்கள், மாத்திரை வேண்டுமென்றாலும் அங்கேயே தருகிறார்கள் என்றேன். ஒரு தடவை ஏறியிருந்தால் வியாதி என்று அர்த்தமில்லை; வேறு வேறு நாளில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் நின்றால்தான் டாக்டர் முடிவுக்கு வருவார்.

பார்க்கும்போது சில நியமங்கள் உண்டு. அரை மணிக்கு முன் காபி, சிகரெட் கூடாது. பாத்ரூம் போய்விட்டு வர வேண்டும். முதுகைச் சாய்த்து, கால் மேல் கால் போடாமல், பாதத்தைத் தரையில் வைத்து ஐந்து நிமிஷம் சும்மா உட்கார வேண்டும். கை இதய மட்டத்துக்கு மேஜை மேல் இருக்க வேண்டும். முக்கியமாக, அந்த ஐந்து நிமிஷமும் வாயைத் திறக்கக்கூடாது, செல்போனையும் பார்க்கக்கூடாது.

மற்றதையெல்லாம் ஒத்துக்கொண்டவன் கடைசி ஐட்டத்தில்தான் அரை மணி நேரம் பேரம் பேசினான்.